எங்கள் தலைவரைப் பற்றி நான் சொன்னது

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததும் எங்கள் கட்சி இரண்டாவது முறையாகத் தோற்றதும் ஒரே கோடையில் நடந்தன. வாக்கு எண்ணிக்கைக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கையும் காலும் போயின. பேச்சு முழுதாகப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நாக்கில் தடுக்கி, நேரமெடுத்துக்கொண்டு வெளியே வந்தது.

வாக்கு எண்ணிக்கை அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. டிவி பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போடச் சொன்னார். மத்தியானத்துக்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

"அணைச்சுப்போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இரு அம்மணி. தலைவர் பேசுவாரு."

தலைவர் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஒரு அறிக்கை வந்தது. மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்பதாக நான்கு வரி. அதை நான் போனில் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்காரு" என்றார்.

சிங்காநல்லூரில் எங்கள் வட்டத்துக்கு அவர்தான் கட்சிச் செயலாளர். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். தொழில், லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு உதிரி சாமான் கடைந்து கொடுப்பார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் கட்சியில் சேர்ந்தேன் என்று ஆரம்பத்தில் விளையாட்டாகச் சொல்வேன். பிறகு அது விளையாட்டு இல்லாமல் போனது. மகளிர் அணியில் எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். தேர்தலில் வீடு வீடாகப் போனேன், பூத்தில் உட்கார்ந்தேன், அடி வாங்கிய பையன்களைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நின்றேன்.

தலைவர் என்று நான் சொல்வது சென்னையில் இருக்கிற எங்கள் கட்சித் தலைவரை. சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மெல்லிய குரல். மேடையில் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் படிப்பார். பக்கம் மாறிப்போனால் நின்று தேடுவார், கூட்டமும் சேர்ந்து காத்திருக்கும். யாரையும் திட்டத் தெரியாது. கட்சியின் இரண்டு பெரிய தலைகள் ஒருவர் மேலே வராமல் மற்றவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில், இருவருக்கும் இடைஞ்சல் செய்யாத ஆள் என்று இவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இது எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஆனால் அவருக்கு வேறொன்றும் தெரியும். பல வருடம் முன்பு ஒரு மறியலில் இவரைக் கைது செய்து, நூறு பேரோடு ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். மத்தியானத்தில் இவருக்குச் சர்க்கரை இறங்கி, கண் இருட்டி, உடம்பெல்லாம் வேர்த்து விழுந்துவிட்டார். அன்று கூடக் கைதானவர்களில் இந்தத் தலைவரும் ஒருவர். அப்போது அவர் யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் எழுந்து போய் இன்ஸ்பெக்டரோடு சண்டை போட்டு, மண்டபத்துச் சமையலறையைத் திறக்க வைத்து, ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து, இவர் தலையைத் தன் மடியில் வைத்துக் குடிக்க வைத்தாராம். யாரையும் திட்டத் தெரியாத மனிதர் அன்று ஒரு இன்ஸ்பெக்டரைத் திட்டினார் என்பதை இவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

"அவரு மனுசன் அம்மணி" என்பார்.

"மனுசன் இல்லீன்னு நான் எப்பங்க சொன்னேன்? நல்ல மனுசங்க நம்ம வீதியிலயே நாலு பேரு இருக்கறாங்க. அவுங்களையெல்லாம் கொண்டுபோயி அங்க உக்கார வெச்சுப்போடலாமுங்களா?"

"மொதல்ல மனுசனா இருக்கோணும். மத்ததெல்லாம் பொறவு."

"அந்தப் பொறவு எப்பங்க வரும்?"

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் வருடக்கணக்காக நடந்தது. எனக்கு அதில் கோபம் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்குள் பேசிக்கொள்ள இருந்த நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று. பட்டறையை மூடிவிட்டு அவர் நேராகப் பேக்கரிக்குப் போவார். அங்கே டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதையேதான் நாலைந்து பேர் நின்றபடி பேசுவார்கள். வீட்டுக்கு வந்து, அங்கே யார் என்ன சொன்னார்கள், அதற்குத் தான் என்ன பதில் கொடுத்தேன் என்று எனக்கு ஒருமுறை நடத்திக் காட்டுவார். பக்கவாதம் வந்த பிறகு பேக்கரிக்குப் போக முடியவில்லை. அதனால் பேக்கரி எங்கள் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய ஆட்கள் பார்சல் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். தோற்றதற்கு யார் காரணம், தலைவர் தாங்குவாரா, மாட்டாரா. இவருக்கு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் காலையில் குளிக்க ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

இனி, பந்தல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு உடம்பு கெடுவதற்கு முந்தின வருடம் நடந்தது அது. மின்கட்டணத்தை ஏற்றியதில் சின்னப் பட்டறைக்காரர்கள் தத்தளித்துப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பட்டறைக்காரர்கள் சேர்ந்து திருச்சி ரோட்டில் பந்தல் போட்டு ஒரு நாள் உண்ணாவிரதம் இருப்பது என்று முடிவாயிற்று. தலைவர் அன்று கோயமுத்தூருக்கு வருகிறார், பந்தலுக்கு வந்து பேசுவார் என்று மேலிருந்து இவருக்குத் தகவல் வந்தது. இவர் அதை எல்லாரிடமும் சொன்னார். மற்றக் கட்சிக்காரர்களும், எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களும், "உங்க தலைவரு நெசமா வாராருங்களா?" என்று கேட்டார்கள். "வாராருங்க, என்ற பொறுப்பு" என்று சொன்னார்.

வெயில் அடித்தது. மத்தியானத்துக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நாற்பது பேர் இருந்திருப்போம். மூன்று மணி வாக்கில் வரிசையாகக் கார்கள் வந்தன. இவர் துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டோரத்துக்கு ஓடினார். கார்கள் வேகம் குறையாமல் எங்களைத் தாண்டிப் போயின. மூன்றாவது காரில் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகத்தை நானே பார்த்தேன். ஆர்.எஸ்.புரத்தில் கட்சிப் பெரியவர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். அங்கே போய்விட்டு அப்படியே ஊர் திரும்பிவிட்டார் என்று சாயங்காலம் தெரிந்தது.

யாரும் இவரைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர், "உடுங்க, அவருக்கு ஆயிரம் சோலி" என்று சொல்லி இவர் கையிலிருந்த மாலையை வாங்கி வைத்தார்.

"அவருக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் இவர், வீட்டுக்கு வரும் வழியில். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு." அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் லேத்தை விற்றோம். அன்றும் அதையேதான் சொன்னார்.

தேர்தலில் தோற்ற பிறகு, மாவட்டம் மாவட்டமாகத் தலைவரே வந்து கட்சிக்காரர்களிடம் கருத்துக் கேட்பார் என்று அறிவித்தார்கள். வட்டத்துக்கு ஒருவர் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பத்திரிகைகளில் தலைவர் தொடர்வாரா, மாட்டாரா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வட்டத்துக்குப் பேச வேண்டியவர் இவர். எங்கள் பகுதிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். உப்பிலிபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எங்களைவிட வயதில் இளையவர்.

"அண்ணனால வர முடியாதுங்க. அண்ணன் எழுதிக் குடுத்தா அக்கா படிச்சுப்போடட்டும். நானு மேல சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார்.

இவர் முகத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று நாள் சாயங்காலம், வந்தவர்கள் போன பிறகு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தோல்விக்குத் தலைவர் காரணமில்லை, வட்டங்களில் இருக்கிற நாங்கள்தான் காரணம், வாக்காளர் பட்டியலை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை, தலைவர் தொடர வேண்டும், அவரைவிட நேர்மையானவர் நமக்குக் கிடைக்க மாட்டார். ஒரு பக்கம்தான். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. சில சொற்களுக்கு அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை முயற்சி செய்தார்.

"நாங்கள்தான் காரணம்" என்பதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்தேன்.

"இதை எப்பிடிங்க எழுதறது? காச்சலோட வீடு வீடாப் போனது நீங்க. கார்ல தாண்டிப் போனது அவரு."

"எழுது."

"அவரு மேல ஒரு தப்புமே இல்லீங்களா?"

"இருக்கும். அதை... வெளிய... எதுக்குச் சொல்லோணும்?"

"வெளியயா? அவருகிட்டத்தானுங்க சொல்றோம். கருத்துக் கேக்கறேன்னுதான வாராரு."

"எழுது அம்மணி" என்றார். எழுதினேன்.

கூட்டம் பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். அன்று மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். "ஒரு மனுசன் படுத்த படுக்கையா இருக்கறாரு, நீங்க மீட்டிங்குக்குப் போறீங்க. ரெண்டு பேருக்கும் வேற நெனப்பே கெடையாதா?" என்று திட்டிக்கொண்டே என் சேலை மடிப்பைச் சரி செய்தாள். இவர் கட்டிலிலிருந்தே, கடிதம் பையில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. மேடையில் தலைவர், அவருக்கு இரண்டு பக்கமும் மாவட்டத்துப் பெரியவர்கள். மேஜையில் ஒரு மணி. மூன்று நிமிடம் ஆனால் ஒருவர் அதை அடிப்பார். ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். ஆளுங்கட்சியின் பணம்தான் ஜெயித்தது, நாம் தோற்கவில்லை. தலைவரின் தியாகத்தை மக்கள் புரிந்துகொள்ளும் காலம் வரும். தலைவர்தான் தொடர வேண்டும். பத்துப் பதினைந்து பேர் இதையே பேசினார்கள்.

பதினொன்றரைக்கு டீக்கு விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் வடையை வைத்துக்கொண்டு நின்றபோது அதே ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டேன். "இவரை வெச்சுட்டு அடுத்ததும் போச்சுங்க." "இவரு எந்திரிச்சுப் பக்கம் தேடறதுக்குள்ள அவுங்க நாலு சட்டம் போட்டுருவாங்க." சிரித்தார்கள். சற்று முன்னால் மேடையில் தலைவருக்காகக் கண் கலங்கிய ஒருவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். நான் தட்டைக் கீழே வைத்தேன். மூன்று நாளாக நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் சொன்ன மனிதரை நினைத்தேன். இத்தனை பேரில் அதை நம்பிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரோ அங்கே இல்லை.

டீக்குப் பிறகு பகுதிச் செயலாளர் பேசி இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். மேலே ஏறி, கடிதத்தைப் பிரித்து, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்" என்று படித்தேன். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "அவர் எப்படிம்மா இருக்கார்? பேச்சு வருதா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

"வருதுங்க. மெல்ல வருது" என்றேன்.

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஐயா, நீங்க நல்லவருங்க. என்ற வீட்டுக்காரரு உசுரோட இருக்கறதுக்கு நீங்களும் ஒரு காரணம். ஆனா இந்த வேலை உங்களால ஆகாதுங்க. இங்க பேசுன எல்லாத்துக்கும் அது தெரியும், சொல்ல மாட்டேங்கறாங்க. திருச்சி ரோட்டுல பந்தல் போட்டு நாங்க உக்காந்திருந்தோம். நீங்க வாரீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, மாலையை வெச்சுட்டு அவரு வெயில்ல நின்னாரு. உங்க காரு தாண்டிப் போச்சுங்க. உங்களுக்கு யாரும் சொல்லீலன்னு அவரு இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டுக் கெடக்கறாரு. சொன்னாங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க, நானு எறங்கிப்போறேன்."

 மணி அடிக்கிறவர் கூட அடிக்கவில்லை. மாவட்டப் பெரியவர் ஒருவர் எழுந்தார். தலைவர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"சொன்னாங்கம்மா" என்றார். "கார்லயே சொன்னாங்க. நாற்பது பேர்தான் இருக்காங்க, நிறுத்தினா காலி நாற்காலியை டிவியில காட்டுவாங்கன்னு சொன்னாங்க. அவர் மாலையோட நிக்கறதை நான் பார்த்தேன். நிறுத்தணும்னுதான் தோணுச்சு. நிறுத்தச் சொல்ல முடியலை."

"உங்க காருதானுங்களே?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அப்போதுதான் மணியை அடித்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பகுதிச் செயலாளர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன்.  சொன்னதற்காக வருத்தம் வரவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்றுதான் ஓடியது. கடிதத்தைப் படித்துவிட்டேன், தலைவர் சந்தோஷப்பட்டார் என்று சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு முறை தவிர, நான் அவரிடம் பொய் சொன்னதில்லை.

அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். "அம்மா, அப்பா கேட்டுட்டாரு" என்றாள்.

யாரோ மண்டபத்தில் பதிவு செய்து வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். "இந்த வேலை உங்களால ஆகாதுங்க. இங்க பேசுன எல்லாத்துக்கும் அது தெரியும்" என்ற இடம் மட்டும். முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டார்கள். பந்தல் இல்லை, தலைவர் சொன்ன பதில் இல்லை. நான் பஸ்ஸில் வருவதற்குள் ஆளுங்கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வட்டத்துக் குழுவிலேயே அதை நாலு பேர் போட்டிருந்தார்கள்.

போன் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. இடது கையால் அதைத் தடவி மறுபடியும் ஓட விட்டார். என் குரல் எனக்கே யாரோ சண்டைக்காரியின் குரல் போல இருந்தது.

"நீயா?"

"நானுங்க."

"நான் எழுதுனது?"

"படிக்கலீங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தலைவர் சொன்னதையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். மாலையோடு நின்றதைப் பார்த்தாராம் என்று சொன்னபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். உடைந்துவிடுவார் என்று பயந்தேன். கண்ணைத் திறந்து,

"ஒத்துக்கிட்டாரல்ல" என்றார். "இந்தக் காலத்துல... யாரு... ஒத்துக்குவாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒத்துக்கறதுக்காங்க அவரை வெச்சிருக்கறோம்? காரை நிறுத்தறதுக்கு ஒரு ஆளு வேண்டாமுங்களா?" என்று கத்தினேன். மகள் வந்து என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போகாதே என்று யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் யாராவது மேலே சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான். நாற்காலிகளை நான்காவது நாள் வரை கட்டிலைச் சுற்றிப் போட்டு வைத்தேன். பிறகு எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் கட்சிப் பத்திரிகையில் செய்தி வந்தது. நான் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். அதற்குக் கீழே, உடல்நிலை கருதி எங்கள் வட்டத்துக்குப் புதிய செயலாளர் நியமிக்கப்படுகிறார். என்னை எடுப்பார்கள் என்று தெரியும். அவரை எடுப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த இரண்டாவது வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அடுத்த மாதம் பொதுக்குழுவில் தலைவரே தொடர்வார் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். வடைத் தட்டோடு சிரித்தவர் மேடையில் அவருக்குச் சால்வை போடுவதை டிவியில் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் இல்லை. தண்ணீர் கேட்டார், திரும்பிப் படுக்க உதவி கேட்டார், கடை எப்படிப் போகிறது என்று கூடக் கேட்டார். அரசியல் மட்டும் பேசவில்லை. அந்த வீட்டில் அதைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானே பேக்கரியில் பார்சல் டீயும் பன்னும் வாங்கி வந்து, ஐந்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மாதிரி வம்புக்கு இழுத்துப் பார்த்தேன்.

"உங்க தலைவரு நேத்து டெல்லி போனாராமுங்க. போயி என்ன பண்ணிப்போட்டாரு?"

சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஏதாச்சும் சொல்லுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க."

அவர் டீயை வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு, இடையிடையே மூச்சு வாங்கி, சொன்னார். "நீ சொன்னது... தப்பில்ல அம்மணி. உன்ற கருத்து உனக்கு. ஆனா... என்ற எடத்துல நின்னு சொன்னே. எனக்கு அங்க... மூணு நிமிசம் இருந்துச்சு. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

  தலைவரைப் பற்றி நான் நினைத்தது சரி என்று எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அந்த மூன்று நிமிடம் என்னுடையது இல்லை. எனக்குக் கருத்து இருந்தால் நான் கையைத் தூக்கி எனக்கென்று நேரம் கேட்டிருக்க வேண்டும். கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆவணி மாதம் சட்டசபையில் ஒரு நாள் தலைவர் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசினார். கோயமுத்தூர்ப் பட்டறைகள் மூடிக் கிடப்பதைச் சொன்னார். திருச்சி ரோட்டுப் பந்தலையும் சொன்னார். தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் பேசினார். டிவி பார்த்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "பாத்தியா" என்றார். நானும் அசந்துதான் போனேன். பிறகு மின்துறை அமைச்சர் எழுந்து, பந்தல் போட்டவர்களைப் பார்க்காமல் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனது யார் என்று கேட்டார். ஆளுங்கட்சி வரிசையில் ஒரே சிரிப்பு. தலைவர் பதிலுக்குத் தாளைப் புரட்டினார், தேடினார், கடைசியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வெளிநடப்பு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை.

கார்த்திகையில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கட்சிக் கொடி போர்த்த வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று எல்லாருக்கும் தெரியும். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சாவுக்கு வந்த சொந்தக்காரர்களே கேட்டார்கள், "கொடி எங்க?" என்று. கட்சிக்காரர்கள் வீதி முனையில் குடையோடு நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடி போர்த்தலாமா என்று மேலே கேட்கிறார்கள் என்று மகள் வந்து சொன்னாள். மத்தியானம் போல அனுமதி வந்திருக்க வேண்டும். பகுதிச் செயலாளர் கொடியைக் கொண்டுவந்து போர்த்தினார். முன்பு தினமும் ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்த நாலு பேரும் வந்து காலடியில் நின்று அழுதார்கள். அவர்கள் அழுகை பொய் இல்லை.  தலைவர் பெயரில் பத்திரிகையில் இரங்கல் மூன்று வரி வந்தது. அதில் முன்னாள் வட்டச் செயலாளர் என்று போட்டிருந்தார்கள்.

இந்த வருடம் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கிறார்கள். போன வாரம் பகுதிச் செயலாளர் என் கடைக்கு வந்தார். மற்றவர்களுடைய படிவங்களை ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பிறகு அந்தத் தாள்களுக்குள்ளிருந்து ஒரு காலிப் படிவத்தை உருவி என் முன்னால் வைத்தார்.

"பேரை எடுக்கச் சொல்லி மேல யாரும் சொல்லீலீங்க. அக்கா விருப்பம்."

இருக்கிற மற்றக் கட்சிகளும் எனக்குத் தெரியும், அங்கே இருப்பவர்களையும் தெரியும். படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கடையில் வேறு யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, தலைவரைப் பத்தி இன்னும் அப்பிடியேதான் நெனைக்கறீங்களா?"

"ஆமாங்க. அப்பிடியேதான்."

"நானுந்தானுங்க்கா" என்றார். "அன்னைக்கு எனக்கடுத்துதான் உங்களைக் கூப்புட்டாங்க. நெனப்பிருக்கா? நானு என்ன பேசுனேன்னே எனக்கு நெனப்பில்லீங்க."

எனக்கு நினைவிருந்தது. தலைவர் தொடர வேண்டும் என்று பேசினார். அதைச் சொல்லாமல் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.